எலுமிச்சைக் குன்றும் சொட்டுத் தீர்த்தமும்

முதல் தடவை போனபோது கோவில் பூட்டியிருந்தது. அன்று புதன்கிழமை. வியன்னாவின் மேற்குக் கோடியில் பேருந்தை விட்டு இறங்கி, மூச்சு வாங்க மேடேறி, வெள்ளைப் பளிங்குச் சுவர் முன்னால் போய் நின்றால், கதவருகே ஒரு சின்ன அறிவிப்பு. எனக்கு ஜெர்மன் தெரியாது. அண்ணன் மகள் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அத்தை, சனி ஞாயிறு மட்டும்தானாம். அதுவும் மத்தியானத்துக்கு மேல கொஞ்ச நேரம்."

"நீ பார்த்துட்டுத்தானே கூட்டிட்டு வந்தே?"

"பார்த்தேன் அத்தை. எந்த வருஷம் போட்ட தகவல்னு பார்க்கல."

ஆகவே முதல் பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷ்டைன்ஹோஃப் என்ற இந்தக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போவதென்றால் வார இறுதியில் போங்கள். போகிற வாரத்தில் நேரத்தை இன்னொரு தடவை சரிபாருங்கள். நான் போன காலத்தில் சனி, ஞாயிறு பிற்பகல்களில் சில மணி நேரம்தான் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். ஷான்பிரன் அரண்மனையைப் போல நினைத்த நேரத்தில் நுழைகிற இடம் அல்ல இது.

நான் முப்பத்திரண்டு வருஷம் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அண்ணன் மகள் வியன்னாவில் படிக்கிறாள். மூன்று வாரம் வந்து இருங்கள் என்று கூப்பிட்டாள். இசைக் கச்சேரி, அரண்மனை, கேக் என்று அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எனக்கு வியன்னா என்றால் ஒரே ஒரு பேர்தான் ஞாபகம் வரும்: செம்மல்வைஸ். பிள்ளை பெற்ற பெண்கள் காய்ச்சல் கண்டு சாவதற்குக் காரணம் டாக்டர்களின் கழுவாத கைதான் என்று 1847-ல் இந்த ஊர்ப் பொது மருத்துவமனையில் கண்டுபிடித்தவர். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னதும், பத்து சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு இரண்டு சதவீத அளவுக்கு இறங்கியது. நர்சிங் படிப்பில் முதல் வாரமே கை கழுவக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன கதை அது. அதனால் வந்த மறுநாளே அந்தப் பழைய மருத்துவமனை வளாகத்தைப் பார்க்கப் போனோம். அது இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது.

அதன் ஒரு மூலையில் நாரன்டூர்ம் நிற்கிறது. பேருக்குப் பொருள் 'பைத்தியக்காரர் கோபுரம்' என்பதுதான். பேரரசர் இரண்டாம் யோசப் 1784-ல் கட்டியது. வட்டமான ஐந்து மாடிக் கட்டடம், 139 அறைகள், சன்னல் என்ற பேரில் சுவரில் சின்னச் சின்ன இடுக்குகள். வட்ட வடிவத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் அதற்குக் 'குகல்ஹுப்ஃப்' என்று பட்டப்பேர் வைத்தார்களாம். அது நடுவில் ஓட்டை போட்ட ஒரு கேக்கின் பெயர். கட்டுக்கடங்காதவர்களை உள்ளே சங்கிலியில் பிணைத்தார்கள். ஆனாலும் மனநோயாளிகளுக்கென்றே தனிக் கட்டடம் என்பது அந்தக் காலத்துக்கு முன்னேற்றம்தான். அதற்கு முன்னால் அவர்களை ஏழைவிடுதியிலும் சிறையிலும் போட்டு வைத்திருந்தார்கள். இப்போது அங்கே நோயுற்ற உறுப்புகளின் காட்சிசாலை இருக்கிறது. பழக்கப்பட்ட எனக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

அங்கே இருக்கும்போதுதான் அண்ணன் மகள் சொன்னாள்: "இதே மாதிரி இன்னொரு இடம் இருக்கு அத்தை. ஆனா அழகா இருக்கும். மனநல ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு கோவில்."

அந்த அழகான இடத்துக்குத்தான் புதன்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தோம்.

பூட்டியிருந்ததும் நல்லதாயிற்று என்று பிறகு நினைத்தேன். ஏறி வந்த வழியே இறங்கும்போது, பழைய நாடக அரங்கின் அருகே புல்தரையில் மெல்லிய கம்பங்கள் வரிசை வரிசையாக நின்றன. தோட்ட விளக்கு என்று நினைத்தேன். கிட்டப் போனபிறகுதான் அது நினைவிடம் என்று தெரிந்தது. மொத்தம் 772 கம்பங்கள். இருட்டினால் அவற்றில் விளக்கு எரியும். நாஜிகளின் ஆட்சியில், 1940 முதல் 1945 வரை, இந்த வளாகத்தின் ஒரு பகுதியில் 'ஆம் ஷ்பீகல்குருண்ட்' என்ற பெயரில் சிறுவர் மருத்துவமனை நடந்தது. ஊனமுற்ற பிள்ளைகள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள், அடங்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே இறந்துபோன பிள்ளைகளாகப் பதிவானவர்கள் 789 பேர். பெரியவர்களின் கதை வேறு. 1940-41-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை இந்த மருத்துவமனையிலிருந்து வண்டியேற்றி, லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹார்ட்ஹைம் மாளிகையில் இருந்த நச்சுவாயு அறைக்கு அனுப்பினார்கள்.

வளாகத்துக்குள்ளேயே ஒரு வார்டுக் கட்டடத்தில் இதைப் பற்றி நிரந்தரக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அன்று அது திறந்திருந்தது. பிள்ளைகளுக்கு லூமினால் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் நாங்கள் வார்டில் ஃபிட்ஸுக்குக் கொடுத்த பினோபார்பிடோன். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பிள்ளை மயக்கத்திலேயே கிடக்கும், நெஞ்சில் சளி கட்டும், நிமோனியா வரும். இறப்புக் காரணம் 'நிமோனியா' என்று எழுதிவிடலாம். எழுதுகிறவர் டாக்டர். மருந்தை ஊட்டுகிறவள் நர்ஸ். போர் முடிந்தபின் அந்த மருத்துவமனையின் தலைமை டாக்டரை 1946-ல் தூக்கிலிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு செவிலிக்கு 1948-ல் 8 வருஷம் சிறை. இன்னொரு டாக்டரோ அந்தப் பிள்ளைகளின் மூளைகளைப் பல பத்தாண்டுகள் ஜாடியில் வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார், நீதிமன்றத்துக்கு நெடுகிலும் நிபுணராகவும் இருந்தார். அந்த மிச்சங்களை 2002-ல்தான் மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.

அன்றைக்கு இரவு சரியாகத் தூங்கவில்லை. அண்ணன் மகள், "சனிக்கிழமை வேண்டாம்னா விட்டுடலாம் அத்தை" என்றாள். போகத்தான் வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை முன்யோசனையோடு போனோம். நகர மையத்தில் ஃபோல்க்ஸ்தியேட்டர் பக்கத்தில் 48ஏ பேருந்து ஏறினால் நேராக மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் விடும். அரை மணி நேரத்துக்கும் கூடவே ஆகும். போன் பார்க்காமல் சன்னல் பக்கம் உட்காருங்கள். ஒரு இடத்தில் குன்றின் மேல் மரங்களுக்கு நடுவே கோவில் கூரையின் தங்கக் குமிழி பளிச்சென்று தெரியும். பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம் போல இருக்கிறதாம், அதனால் வியன்னாக்காரர்கள் அந்தக் குன்றை 'லெமோனிபெர்க்' என்கிறார்கள். எலுமிச்சைக் குன்று. இந்த ஊரில் எதற்கும் தின்பண்டத்தில்தான் பேர் வைப்பார்கள் போலிருக்கிறது.

சிலர் பின்பக்கத்துப் பூங்கா வழியாக வந்து நேரே கோவிலில் இறங்குகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் கால் ஒத்துழைத்தால் முன்வாசல் வழியாகவே ஏறுங்கள். அப்போதுதான் இந்த இடத்தின் கணக்குப் புரியும். வாசலில் நிர்வாகக் கட்டடம், அதற்கு மேலே நாடக அரங்கு, அதற்கும் மேலே சமையற்கூடம், உச்சியில் கோவில். எல்லாம் ஒரே நேர்கோட்டில். இரண்டு பக்கமும் சரிவில் படிப்படியாக வார்டுகள், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். சுமார் 60 கட்டடங்கள். 1907-ல் திறந்தபோது 2,200 நோயாளிகளுக்கு இடம் இருந்தது, ஐரோப்பாவிலேயே இத்தனை பெரிய மனநல மருத்துவமனை வேறு கிடையாது என்றார்கள். சமையற்கூடத்தை நடுவில் வைத்த மகராசனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கஞ்சி ஆறிப்போகிற ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவளுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

வளாகத்தின் மொத்த அமைப்புத் திட்டமும் கோவிலும் ஓட்டோ வாக்னருடையவை. வார்டுகளைக் கட்டியவர்கள் வேறு பொறியாளர்கள். வாக்னர் அந்தக் காலத்து வியன்னாவின் நகர ரயில் நிலையங்களையும் அஞ்சல் சேமிப்பு வங்கியையும் கட்டிய புகழ்பெற்ற கட்டடக்கலைஞர். இந்தக் கோவிலை 1904-ல் தொடங்கி 1907-ல் முடித்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது.

வெளிச்சுவர் முழுக்க வெள்ளைப் பளிங்குப் பலகை. பலகைகளைச் சுவரில் பிடித்திருக்கும் ஆணிகளை மறைக்கவில்லை. செம்புத் தலையோடு வரிசையாக வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார். தையலைப் பிரித்தபின் தழும்பு தெரிகிற தோல் போல எனக்குப் பட்டது. அண்ணன் மகளுக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. "சட்டை பட்டன் மாதிரி இருக்கு அத்தை" என்றாள். சரி, அதுவும் பொருந்தும். வாசலுக்கு மேலே நான்கு வெண்கலத் தேவதூதர்கள் தலை குனிந்து நிற்கிறார்கள். இரண்டு சிறு கோபுரங்களின் உச்சியில் புனித லியோபோல்டும் புனித செவரினும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நுழைவுச் சீட்டு உண்டு, பெரிய தொகை அல்ல. உள்ளே வழிகாட்டி ஒருவர் ஜெர்மனில் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் காதோரமாக மொழிபெயர்த்தாள். அப்படி ஒருவர் உங்களோடு இல்லையென்றால் முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் வெள்ளையும் தங்கமுமாக ஓர் அழகான கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள், அதன் சூட்சுமம் கண்ணில் படாது. இங்கே முக்கியமானதெல்லாம் இடுப்புக்குக் கீழே இருக்கிறது.

முதலில் தீர்த்தத் தொட்டி. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கோவிலுக்குள் நுழையும்போது தொட்டியில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போடுவது மூச்சு விடுவது மாதிரிப் பழக்கம். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த வருஷத்திலிருந்து அந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு: இத்தனை பேர் விரல் விட்ட தண்ணீர். வாக்னர் இங்கே தேங்கிய தண்ணீரே வைக்கவில்லை. மேலிருந்து சொட்டுச் சொட்டாக விழும், அதில் விரலை நீட்ட வேண்டும். ஒருவர் தொட்ட நீர் இன்னொருவர் விரலில் படாது. நான் சத்தமாகவே, "டிரிப்ஸ் போட்டிருக்கான்டீ!" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். செம்மல்வைஸ் கத்திக் கத்திச் சொல்லி, யாரும் கேட்காமல், கடைசியில் தானே ஒரு மனநல விடுதியில் அடைபட்டுச் செத்தார். அவர் வேலை பார்த்த அதே ஊரில், அறுபது வருஷம் கழித்து, மனநல மருத்துவமனைக் கோவிலில் தீர்த்தம் சொட்டியிருக்கிறது.

அப்புறம் பெஞ்சுகள். ஒன்றிலும் கூர்முனை இல்லை, எல்லா விளிம்பும் மழுங்கியிருக்கிறது. வரிசைகளும் குட்டையானவை. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நோயாளிகளைப் பிரார்த்தனைக் கூடத்துக்கு அழைத்துப் போவோம். ஒரு நாள் நீண்ட வரிசையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பேர். அவர்களை எழுப்பி, நகர்த்தி, உள்ளே போய்ச் சேர்வதற்குள் பெஞ்சு விளிம்பில் அவள் நெற்றி பிளந்துவிட்டது. நான்கு தையல். அன்றைக்கு என்னைத்தான் திட்டினார்கள், கவனம் போதாது என்று. யாரும் பெஞ்சைத் திட்டவில்லை. ஷ்டைன்ஹோஃபில் எந்த வரிசையின் நடுவில் இருப்பவரையும் இரண்டு எட்டில் போய்ப் பிடித்துவிடலாம். அந்தப் பெஞ்சின் விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றேன்.

தரை வாசலிலிருந்து பீடத்தை நோக்கி மெல்லச் சரிகிறது. பின்னால் இருப்பவருக்கும் பீடம் தெரிய வேண்டும் என்பதற்காக. ஓடு பதித்த தரை, கழுவிவிட வசதியானது. ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வந்து போகப் பக்கவாசல்கள். ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டர் பார்க்க ஓர் அறை, கழிப்பிடம், எல்லாம் கோவிலுக்குள்ளேயே. வெளியிலிருந்து பார்க்கும் குமிழியின் உயரம் உள்ளே இல்லை. வெகு தாழ்வாக இன்னொரு கூரையைத் தொங்கவிட்டிருக்கிறார். குரல் எதிரொலிக்காமல் தெளிவாகக் கேட்கும், சூடேற்றவும் சுலபம். ஊருக்குத் தெரிய உயரம், உள்ளே இருப்பவருக்குக் கதகதப்பு.

சன்னல்களைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் கொஞ்சம் சொல்லாவிட்டால் குறையாகிவிடும். கோலோமான் மோசர் என்ற ஓவியரின் வண்ணக் கண்ணாடிகள். ஒரு பக்கம் பசித்தவருக்கு உணவு, நோயாளியைச் சந்தித்தல் முதலான உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்கள். எதிர்ப்பக்கம் ஆன்மா சார்ந்த ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர். வழக்கமாகக் கோவில் பீடம் கிழக்கே இருக்கும். வாக்னர் அதை வடக்கே திருப்பிவிட்டதால், காலையில் ஒரு சன்னலுக்கும் மாலையில் மறு சன்னலுக்கும் வெயில் கிடைக்கிறது. பிற்பகலில்தான் திறப்பார்கள் என்பதால் நமக்குக் கிடைப்பது மேற்கு வெயில். மழை நாளாகப் பார்த்துப் போகாதீர்கள். ஒரு சின்னத் தொலைநோக்கி எடுத்துப் போனால் புனிதர்களின் முகத்தைப் பார்க்கலாம். நாங்கள் கொண்டுபோகவில்லை, கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய மொசைக்கும் (சிறு துண்டுகள் பதித்த சித்திரம்) மோசர் செய்திருக்க வேண்டியது. அவர் கல்யாணத்துக்காகப் புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறினார், கோவில் தரப்போடு தகராறு வந்தது, கடைசியில் வேலை ரெமிகியுஸ் கைலிங் என்பவர் கைக்குப் போனது. சன்னலையும் மொசைக்கையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டு கைகள் என்பது தெரிகிறது. எனக்குச் சன்னல்தான் பிடித்தது.

திறப்பு விழா 8 அக்டோபர் 1907. இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் வந்து திறந்துவைத்தார். பின்னால் சரயேவோவில் சுடப்பட்டு, முதல் உலகப் போர் மூளக் காரணமானாரே, அவரேதான். அவருக்குக் கோவில் பிடிக்கவே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு அரசி மரியா தெரேசா காலத்துப் பாணிதான் அழகு என்றாராம். அந்தக் காலத்தில் பீரங்கிக்குக்கூட அலங்காரம் செய்தார்கள், இப்போது வழவழப்பாகத்தானே செய்கிறோம் என்று வாக்னர் பதில் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அதற்குப் பின் அரண்மனை வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

வழிகாட்டி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார். அண்ணன் மகள் மூலமாக ஒன்று கேட்டேன்: இந்தக் கோவிலைக் கட்டும் முன்னால் செவிலிகளிடம் யாராவது யோசனை கேட்டார்களா? அவர் சிரித்துவிட்டு, இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்களோடு தனியாக நின்று பத்து நிமிஷம் பேசினார். எங்கே போனாலும் உங்கள் தொழிலிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுபோங்கள். தச்சர் என்றால் பெஞ்சைப் பற்றி, ஆசிரியர் என்றால் பின்வரிசையைப் பற்றி. மனப்பாடம் செய்த விளக்கத்தை விட்டு வழிகாட்டிகள் இறங்கி வருவது அப்போதுதான்.

இதற்கிடையில் புதன்கிழமை பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை. பெஞ்சின் முனை நோயாளியைக் குத்திவிடக் கூடாது என்று கவலைப்பட்ட இடம். முப்பத்து மூன்று வருஷம் கழித்து அதே வளாகத்தில், இதே குமிழி தெரிகிற வார்டுகளில், பிள்ளைகளுக்கு மருந்தளவைக் கூட்டினார்கள். சன்னலில் அந்த ஏழு இரக்கச் செயல்களும் அப்படியே இருந்தன. இதைச் சொன்னபோது அண்ணன் மகள் பதில் பேசவில்லை. நானும் மேலே எதுவும் கேட்கவில்லை. நீங்கள் போனால் இரண்டையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். ஒரே நாளில் முடியாவிட்டால் எங்களைப் போல இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் கையில் இருக்கட்டும், மேலே கோவிலருகில் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை.

மணியாகிவிட்டது என்று எல்லாரையும் வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். போகும்போது தொட்டிப் பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில் விரலை நீட்டினேன். சொட்டவில்லை. அன்றைக்கு அதில் தண்ணீர் விடவில்லை.

"காஞ்சு கிடக்கு அத்தை, வாங்க. பஸ் போயிடும்."

காய்ந்த விரலாலேயே சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.